சின்னம்மாவின் வெள்ளைத் துணிகள்

எங்கள் வீட்டுக் கொடியில் மாதத்தில் பாதி நாட்கள் வெள்ளைத் துணிகள் வரிசையாகக் காயும். அவை என்னவென்று கேட்டபோது, சின்னம்மா படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் கரும்பலகை துடைக்கிற துணிகள் என்று அம்மா சொன்னார். எனக்கு எட்டு வயது. இத்தனை துணி தேவைப்படுகிறதென்றால் சின்னம்மா எவ்வளவு எழுதிப் படிப்பிக்கிறார் என்று பெருமைப்பட்டு, என் வகுப்பிலும் அதைச் சொல்லி வைத்தேன்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. கொழும்புக்கு வெகு வடக்கே, திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னாலிருந்த ஒடுங்கிய ஒழுங்கையில் எங்களோடு இருந்தார். போரால் கொழும்புப் பாதை மூடப்படுவதற்கு முன்னர், அங்கே அவருடைய இதயத்துக்கு ஒரு செயற்கை வால்வு பொருத்தியிருந்தார்கள். அதில் இரத்தம் கட்டிவிடாமலிருக்க ஆயுள் முழுக்கத் தினமும் ஒரு குளிசை விழுங்க வேண்டும். குளிசைக்கு வால்வு எது, வேறிடம் எது என்று தெரியாது. மாதவிலக்கு வந்தால் வாய்க்காலைத் திறந்துவிட்டது போலப் போகும்; நாலைந்து நாளில் நிற்க வேண்டியது பத்து நாளுக்கும் இழுபடும். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அறிந்தவை.

பொருளாதாரத் தடைக்காலம். கடைகளில் பஞ்சு இல்லை. துணி தோய்க்கிற சவர்க்காரம் பொன் விலை. ஒருநாள் அம்மா அழுதுகொண்டு சொன்னது எனக்குக் கேட்டது.

"உந்தக் குளிசையை அந்த நாளுகளிலை மட்டும் நிப்பாட்டினால் என்னடி?"

"நிப்பாட்டினால் இரத்தம் நிக்கும் அக்கா. கூடவே நானும் நிண்டு போவன்."

அவர் குளிசையை விடவில்லை. அதனால்தான் இன்றைக்கும் என்னைத் திட்டுவதற்கு இருக்கிறார். விடுவதற்குப் பதிலாக, நிவாரணக் கோதுமை மா வந்த வெள்ளைப் பருத்திப் பைகளைச் சேர்த்தார். அவற்றைப் பிரித்து, அவித்து, அச்செழுத்துப் போகும்வரை கல்லில் அடித்து, மடிப்பு மடிப்பாக வைத்துக் கைமெசினில் தைத்தார். சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழக் களியால் தோய்த்தார். பனம்பழ வாசத்துக்கு ஊர் மாடெல்லாம் கொடியைத் தேடி வரும். தடியோடு நின்று துரத்துவது என் வேலை. அந்த நாட்களில் சின்னம்மா முருங்கையிலையை மாடு தின்பதுபோலத் தின்பார்; முகம் வெளிறியிருந்தாலும் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் விடமாட்டார்.

அவருடைய துணிகளுக்கு மாட்டைவிடப் பெரிய எதிரி பக்கத்து வீட்டு மாமி. ஒருமுறை மாமி வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"ரீச்சர், குறை நினையாதேங்கோ. உந்த வெள்ளைத் துணியளை உள்ளுக்கை காயப்போடுங்கோவன். ஆம்பிளையள் போய் வாற ஒழுங்கை. ஹெலிக்காரனும் கண்டானெண்டால் என்னமோ ஏதோ எண்டு அடிப்பான்."

"உள்ளுக்கை போட்டால் பூஞ்சணம் பிடிக்கும் அக்கா. கிருமி உள்ளுக்குப் போனால் என்ரை வால்வு தாங்காது. ஹெலி எப்பவாவதுதான் வருது. இது எனக்கு மாதா மாதம் வருது."

"அப்ப சத்தம் கேட்டால்?"

"நானே எடுப்பன்."

மாமிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. கொஞ்ச நாள் கதைக்காமல் இருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலையில் அந்த ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டது. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக மாமரத்தடியில் ஒரு பங்கர் இருந்தது. பனங்குற்றி அடுக்கி மண்போட்டு மூடிய குழி. அம்மா என்னை இழுத்துக்கொண்டு இறங்கினார். மாமியும் மகளும் எங்களுக்கு முதலே உள்ளே இருந்தார்கள். சின்னம்மாவைக் காணவில்லை. வாசலால் எட்டிப் பார்த்தேன். அவர் கொடியிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக உருவி மடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அடியே, ஓடி வா!" என்று அம்மா கத்தினார்.

சின்னம்மா ஓடக்கூடாது, அது டொக்டர் சொன்னது. மேலே ஹெலி வட்டமிட, அவர் சந்தைக்குப் போய் வருகிறவரைப்போல நடந்து வந்து இறங்கினார். மூச்சு மட்டும் பெரிதாக வாங்கியது. ஹெலியிலிருந்து சந்தைப் பக்கம் படபடவென்று சுடத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் மாமியின் மகளுடைய பாவாடையில் இரத்தத்தைக் கண்டேன்.

"ஐயோ, அக்காவுக்குச் சூடு பட்டிட்டுது!"

மாமி வீரிட்டார். மகளின் வயிறு, முதுகு, கால் என்று தடவிக் காயத்தைத் தேடினார். அந்த அக்கா பயத்தில் விறைத்துப்போயிருந்தாள். சின்னம்மா அவளை ஒருதரம் பார்த்தார்.

"சத்தம் போடாதேங்கோ அக்கா. காயமில்லை. பிள்ளை சாமத்தியப்பட்டிட்டாள், பெரியபிள்ளையாகிட்டாள்."

அம்மா சிரித்தார், மாமி அழுதுகொண்டே சிரித்தார். வெளியே சுடுகிறான், உள்ளே ஒருத்திக்கு இரத்தம் போகிறது, இவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குப் பெரிய கோபம் வந்தது. சின்னம்மா சிரிக்கவில்லை. மடியிலிருந்த துணிகளைத் தடவித் தடவிப் பார்த்து, நன்றாகக் காய்ந்ததும் தடிப்பானதுமான ஒன்றை எடுத்து அவளுடைய கையில் வைத்தார்.

"பயப்பிடாதை பிள்ளை. வெயிலிலை காய்ஞ்சது. இப்பிடி மடிச்சு வைக்க வேணும்."

ஹெலி போனபின் இன்னும் சில துணிகளை அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். "அப்ப உனக்கு?" என்று அம்மா கேட்டதற்கு, "நான் தைப்பன்" என்றார்.

கரும்பலகைத் துணியை இரத்தத்தை நிறுத்தவும் கட்டலாம் என்று நான் முடிவுகட்டினேன். மாமி வீட்டில் எளிமையாகச் சடங்கு நடந்தது. எங்களுக்கு ஒரு தட்டு நிறையப் பலகாரம் வந்தது. தட்டுக்குக் கீழே தோய்த்து மடித்த இரண்டு மாப் பைகளும் இருந்தன. நாலைந்து பழந்துணிக்கு இவ்வளவு பயத்தம்பணியாரமா என்று வியந்து, சின்னம்மாவின் பங்கை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

அவர் மெசினில் இருந்தார். மாப் பையை அதற்குள் வெட்டியாகிவிட்டது. ஒரு பணியாரத்தை வாயில் போட்டுக்கொண்டு பிடியைச் சுற்றினார்.

"நல்லாயிருக்கோ சின்னம்மா?"

"ஓம், நல்லாயிருக்கு. தள்ளி இரு, கையை ஊசி குத்திப்போடும்."

விளையாட வரச்சொல்லிக் கேட்டேன். திங்கட்கிழமை நாள் வந்துவிடும், அதற்கு முன் முடிக்க வேண்டும் என்றார். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் விழா ஏதோ இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, மிச்சப் பணியாரங்களை நானே தின்றேன்.