அக்காவைத் திருப்பி அனுப்பிய தேர்வு

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலர் போடுவது என்று முடிவானதும் அப்பா என்னைக் கூப்பிட்டு, "நீதான் எழுதணும். நல்லதா எழுதும்மா" என்றார். அக்காவைப் பற்றி எழுதினால் நல்லதுதான் வரும். அக்காவுக்கு நடந்ததை எழுதினால் அப்படி வராது. நான் இரண்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு யாருக்காவது சங்கடமாக இருந்தால், இருக்கட்டும்.

அக்கா மரக்காணத்தில், உப்பளத் தொழிலாளர் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் அளத்தில் உப்பு வாருகிறவர்கள். பள்ளி விட்டதும் அக்கா அங்கே போய், வேலை முடிந்து அவர்களோடு வீடு திரும்புவார். எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் பொழுது சாய்கிற வேளையில் வரப்பில் நடந்து வந்தவர் உப்புப் பாத்திக்குள் விழுந்தார். மறுநாளும் விழுந்தார். "கண்ண எங்க வச்சிக்கினு வர்ற?" என்று அப்பா திட்டினார். "தெரியலப்பா" என்றார் அக்கா. அது உண்மையான பதில் என்று அன்று யாருக்கும் புரியவில்லை.

புதுச்சேரியில் கண் மருத்துவரிடம் காட்டியபோதுதான் விளங்கியது. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டிருந்தது. பிறவியிலேயே வந்த குறை, மருந்து கிடையாது என்றார்கள். பக்கவாட்டில் இருப்பது எதுவும் தெரியாமல் போய், குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நேர் எதிரே ஒரு சின்ன வட்டம் மட்டும் மிஞ்சும். அதுவும் ஒருநாள் போய்விடும்.

விசாரிக்க வந்தவர்களில் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, சொன்னது இது: "வெளிய சொல்லிக்கினு இருக்காத. கண்ணு முழுசா போறதுக்குள்ள எவன் கையிலயாவது புடிச்சிக் குடுத்துடலாம்." அக்கா அப்போது மாமாவுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கண்ணோடு காதும் போய்விட்டது என்று நினைத்தாரோ என்னவோ.

அஞ்சலி செலுத்த வந்த பலர் அக்காவைச் சாது என்றார்கள். அக்கா சாது இல்லை. சட்டென்று கோபம் வரும், வந்தால் நாக்கு சும்மா இருக்காது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்குச் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒரு ஆள் வேண்டுமென்று கேட்டார். அதற்கெல்லாம் ரூல்ஸ் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். காகிதத்தில் முகத்தை வைத்துத் தானே எழுதித் தேறினார். ரூல்ஸ் இருந்தது என்பது இரண்டு வருடம் கழித்து, அவருடைய கைப்பேசி வாசித்துக் காட்டிய ஒரு அரசு ஆணையில் தெரிந்தது. அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை. "என்னப் பாத்து ஆளாளுக்கு ரூல்ஸ் ரூல்ஸ்ன்றாங்க. அது எங்க எழுதியிருக்குதுன்னு இனிமே நானே படிக்கிறேன்" என்றார். சட்டம் படிக்கும் எண்ணம் அப்படித்தான் வந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வுக்குத் தயாரானார். அது முழுக்க ஆங்கிலம். நாங்கள் தமிழ்வழியில் படித்தவர்கள். புதுச்சேரியில் ஒரு பயிற்சி மையத்துக்குப் போனோம். அங்கிருந்தவர், "எங்க மெட்டீரியல் எல்லாம் போட்டோ காப்பிம்மா, உங்க போன் படிக்காது. உங்களுக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னா மத்த பசங்க ஸ்லோ ஆயிடுவாங்க" என்று சிரித்த முகமாகவே வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

அதன்பின் அக்காவுக்குப் பயிற்சி மையம் என்றால் அவருடைய பள்ளித் தோழி மும்தாஜ்தான். அவர் புதுச்சேரியில் கல்லூரிக்குப் போய்வரும் பேருந்தில் உட்கார்ந்து ஆங்கிலச் செய்தித்தாளையும் வழிகாட்டிப் புத்தகங்களையும் வாசித்து, குரல் பதிவாக அனுப்புவார். பதிவுகளில் கண்டக்டர் விசிலும் கேட்கும். அக்கா அதைக் கேட்டுக்கொண்டே பாத்திரம் துலக்குவார், துணி துவைப்பார். ஆங்கிலச் சொற்களுக்கு என்னிடம் அர்த்தம் கேட்பார், எனக்குத் தெரியாது, திட்டுவார், பிறகு இருவரும் சேர்ந்து தேடுவோம். கேள்வியை வாசித்து, அவர் சொல்லும் விடையைக் குறிக்கும் உதவியாளராக நான் போவது என்று முடிவாயிற்று. அப்போது பத்தாம் வகுப்பில் இருந்தேன். சான்றிதழ்கள் எல்லாம் முறைப்படி வாங்கி அனுப்பினோம். அனுமதியும் வந்தது.

தேர்வு மையத்தின் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டதால் எழுதவில்லை. அங்கிருந்த கண்காணிப்பாளர் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முகத்துக்கு நேராக விரலை நீட்டினார்.

"இது எத்தன?"

"ரெண்டு" என்றார் அக்கா.

"தெரியுதே! அப்புறம் எதுக்கு ஆளு?"

"விரல் தெரியுது சார். பாரா பாராவா படிக்க முடியாது. சர்டிபிகேட்ல எழுதியிருக்குது, படிச்சிப் பாருங்க."

"எனக்கே சட்டம் சொல்றியா? நீ இன்னும் சீட்டே வாங்கல."

என்னை வெளியே போகச் சொன்னார். அக்கா நகரவில்லை. "அவ இல்லாம நான் எழுத முடியாது சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எழுதினால் எழுது, இல்லாவிட்டால் நீயும் கிளம்பு என்று பதில் வந்தது. அந்த அறையில் இருந்த மற்ற பிள்ளைகள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அக்கா உட்கார்ந்துவிட்டார். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். அழுதேன் என்று எழுதினால் பொய். அந்த ஆளை என்ன செய்யலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதல் பகுதியைத் தாண்ட முடியாமல் வெளியே வந்தார். ஒரு வருடப் படிப்பு அதோடு முடிந்தது. மரக்காணம் பேருந்தில் ஏறி உட்கார்ந்தோம். பிறகு, "ரெண்டுன்னு பதில் சொல்லியிருக்கவே கூடாதுடி" என்றார்.

"பொய் சொல்லியிருக்கணுமா?"

"இல்ல. கைய இறக்குங்க சார், நான் இங்க சர்க்கஸ் காட்ட வரலன்னு சொல்லியிருக்கணும்."

புகார் எழுதினார். பல மாதம் கழித்து வந்த பதிலில், விண்ணப்பதாரர் உதவியாளர் இன்றித் தேர்வெழுதத் தாமே ஒப்புக்கொண்டார் என்று இருந்தது. என்னை மறுபடியும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "தாமேவா?" என்றார். அதற்கு மேலே இருந்தவர்களுக்கும் எழுதினார். அதற்குப் பதிலே இல்லை.

இதற்கிடையில் மாமா பெருமுக்கல் பக்கத்திலிருந்து ஒரு வரனைக் கூட்டிவந்தார். கண் விஷயத்தைச் சொல்லாமலே கூட்டிவந்திருக்கிறார். வந்தவர்கள் காப்பி குடித்து முடிக்கும்வரை அக்கா பொறுமையாக இருந்தார். "எனக்குக் கண்ணு போயிக்கினு இருக்குதுங்க. இன்னும் கொஞ்ச நாள்ல சுத்தமா தெரியாது. உங்ககிட்ட சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார். மாப்பிள்ளையின் அம்மா தம்ளரைக் கீழே வைத்தார். அவர்கள் போனதும் மாமா அக்காவை அறைந்தார். அம்மா குறுக்கே வந்து, "ண்ணா, இன்னொரு தடவ எம் பொண்ணு மேல கை வச்சா இந்த வாசப்படி மிதிக்காத" என்றார். அதிலிருந்து மாமா எங்களோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார். எங்களுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

அடுத்த ஆண்டு மறுபடியும் விண்ணப்பித்தார். அந்த ஆண்டு முழுவதும் நான் பள்ளியிலிருந்து வந்ததும் ஆங்கிலப் பத்திகளைச் சத்தமாக வாசிக்க வேண்டும். வேகம் குறைந்தால் தொடையில் கிள்ளுவார். கணக்குப் பகுதியில் வரும் படங்களை வாயால் விவரிக்கப் பழக்கினார். "அழகா சொல்லாத, நம்பர சொல்லு" என்பார்.

இம்முறை மையம் வேறு. என் மனதில் சண்டைக்குத் தேவையான வார்த்தைகள் எல்லாம் தயாராக இருந்தன. கதவருகே ஒரு பெண் கண்காணிப்பாளர் கடிதத்தைப் பார்த்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். "தனி ரூம் போட்டிருக்கோம். பேன் காத்துல பேப்பர் பறக்கும், ஓரமா உட்காருங்கம்மா" என்றார். அவ்வளவுதான். யாரும் விரல் நீட்டவில்லை. நான் வாசித்தேன், அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், "பி" என்பார், "கடைசி வரி மறுபடி" என்பார், "சி, போ" என்பார். நேரத்துக்குள் முடித்தோம்.

அது அவ்வளவு சுலபமாக நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆத்திரம். ஒரு மனிதர் ஒரு காகிதத்தைப் படித்துவிட்டு நகர்ந்து நின்றால் போதுமாக இருந்தது. அதற்கு முந்தைய வருடம் ஒருவர் அதைச் செய்ய மறுத்ததால் என் அக்காவின் வாழ்நாளில் ஒரு வருடம் போயிற்று. அவருக்கு இருந்ததே கொஞ்ச வருடங்கள்.

இடம் கிடைத்தது. "கோட்டால குடுத்துட்டாங்க" என்று சொன்ன உறவினர்களின் பெயர்கள் எல்லாம் அக்காவுக்குத் தெரியும். "ஆமா, கோட்டாதான். அடுத்த வருஷம் நீங்களும் எழுதுங்க" என்று நேரிலேயே சொன்னார். வெளியூர் விடுதியில் வெள்ளைக் கோலோடு தனியாக நடக்கக் கற்றுக்கொண்டார். வகுப்பில் பேராசிரியரோடு வாதம் செய்ததைத் தொலைபேசியில் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சில மாதங்கள் அவர் மிகவும் சந்தோஷமாக இருந்தார். அதை நான் தெரிந்தே சொல்கிறேன்.

முதல் விடுமுறைக்கு வீடு வந்திருந்தபோது, மும்தாஜைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கிளம்பினார். கிழக்குக் கடற்கரைச் சாலையில், பேருந்து நிறுத்தத்தின் மண் தரையில் நின்றிருந்தார். கட்டுப்பாடு இழந்த ஒரு கார் தாரிலிருந்து இறங்கி வந்து மோதியது. மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே அக்கா போய்விட்டார்.

போலீஸ் முதலில் எழுதிய அறிக்கையில், பார்வைக் குறைபாடுள்ள பெண் கவனமின்றிச் சாலையைக் கடக்க முயன்றார் என்று இருந்தது. அக்காவின் கண்ணைச் சாட்சி சொல்ல வைத்துவிட்டார்கள். உயிரோடு இருந்தபோது கண் தெரிகிறது என்று துரத்தினார்கள். செத்தபிறகு கண் தெரியவில்லை என்று பழியைப் போட்டார்கள்.

மாமா அப்போதுதான் மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்தார். தெருமுனையில் அஞ்சலி பேனர் வைத்தார். அதில் அக்காவின் படத்துக்கு வக்கீலின் கறுப்புக் கோட்டு வரைந்து மாட்டியிருந்தார். கருமாதி முடிந்ததும் கார்க்காரர் தரப்பு ஆளையும் அழைத்து வந்தார். "கேசு கோர்ட்டுன்னு எத்தன வருஷம் அலைவீங்க? பேசி முடிச்சிக்கலாம். பொண்ணுக்குக் கண்ணு தெரியாதுன்றது ஊருக்கே தெரியும்" என்றார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா எழுந்து நின்றார். "எம் பொண்ணு ரோட்ட தாண்டல. நின்னுக்கினு இருந்தா. நின்னுக்கினு இருந்தான்னு எழுதி எடுத்துக்கினு வாங்க. அப்பால பேசலாம்" என்றார். இருவரும் போய்விட்டார்கள். மாமாவுக்கும் இந்த மலர் போய்ச் சேரும். படிக்கட்டும்.

நிறுத்தத்தில் பூ விற்கும் செல்வி அக்கா நடந்ததைக் கண்ணால் பார்த்தவர். வியாபாரம் கெட்டுப்போகும் என்று சிலர் பயமுறுத்தியும் போலீஸ் ஸ்டேஷனுக்கு நேரில் போய்ச் சொன்னார். ஏற்கவில்லை என்றதும் அம்மாவோடு பெரிய அதிகாரியிடம் போய் மறுபடியும் சொன்னார். அதன்பிறகுதான் விசாரணை திரும்ப நடந்து, கார் ஓட்டியவர்மேல் வழக்கு பதிவானது. வழக்கு இப்போது நடக்கிறது. வாய்தா ஒவ்வொன்றுக்கும் அம்மா வேலைக்குப் போகாமல் திண்டிவனம் போய் வருகிறார்.

நீயும் வக்கீலுக்குப் படித்து அக்கா கனவை நிறைவேற்று என்று பலர் எனக்கு அறிவுரை சொல்கிறார்கள். நான் கணக்குப் படிக்கிறேன், அதுவே எனக்குப் பிடித்திருக்கிறது. அக்காவின் இடம் அக்காவுடையது. அதில் என்னை உட்காரவைத்து யாரும் நடந்ததைச் சரிக்கட்ட வேண்டாம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர்தான் என்பதால் எல்லோரையும் சொல்லிவிடலாம். பேருந்தில் தொண்டை வறள வாசித்த மும்தாஜ் அவர்களுக்கும், அக்காவுக்காகத் தொழுகையில் துஆ செய்த அவருடைய அம்மாவுக்கும் நன்றி. வழியை விட்டு நகர்ந்து நின்ற, பெயர் தெரியாத அந்தக் கண்காணிப்பாளர் அம்மாவுக்கு நன்றி. விடுதியில் அக்காவோடு சாப்பிட்டு, சண்டை போட்டு, அவரைச் சாதாரணத் தோழியாக நடத்திய மாணவிகளுக்கு நன்றி. இரண்டு முறையும் பார்த்ததைப் பார்த்தபடியே சொன்ன செல்வி அக்காவுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

நினைவு நாளன்று படையலுக்கு வருகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறோம். "பாவம், கண்ணு தெரியாம ரோட்டுல போயி" என்று எங்கள் வீட்டில் யாரும் பேச்சை ஆரம்பிக்க வேண்டாம். அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாலும் இலையை எடுத்துவிடுவார். நான் தடுக்க மாட்டேன்.