முபாரக் நானாவும் அவர் எழுதிவைத்த மனைவியும்

வெள்ளிக்கிழமை காலை சல்லிக் கடற்கரையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. முபாரக் நானாவின் மகள் ஷிபானா பேசினாள். "டீச்சர், வாப்பா சுபஹுக்குப் பிறகு மௌத்தாகிட்டாங்க. அஸருக்கு அடக்கம்." அவள் அழவில்லை. பலருக்கும் சொல்லவேண்டியிருந்ததால் குரலைத் தயார்படுத்தி வைத்திருந்தாள் போலும். நானும் "ஓம், வாறன்" என்று மட்டும் சொன்னேன். பாரை மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தவர் என்னவென்று கேட்டார். "கிரேன் முபாரக் போயிட்டாராம்," என்றேன். அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் முகம் சிரிக்கத் தயாரானது. பிறகு சொன்ன செய்தி உறைத்து, குனிந்துகொண்டார்.

இதை வாசிப்பவர்களில் பலர் அவரை மேடையில் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். முபாரக் நானா திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வேலை முடிந்தால் மேடையில் தனியாக நின்று பேசிச் சிரிக்கவைப்பார். வேடம் இல்லை, கூட நடிக்க ஆள் இல்லை. 'ஸ்டாண்ட் அப் கொமெடி' என்ற பெயர் எங்கள் பக்கம் வந்துசேர்வதற்கு வெகு முன்னரே அதைச் செய்துகொண்டிருந்தார். நான் பாடசாலை ஆசிரியை. விழாக்களில் அறிவிப்புச் செய்வேன். பரிசளிப்பு விழா, கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று எங்கே போனாலும் அவரை மேடைக்கு அழைத்த குரல் பெரும்பாலும் என்னுடையது. எங்களை நண்பர்கள் என்று சொல்லமாட்டேன். சேர்ந்து வேலை செய்தோம்.

கட்டைபறிச்சானில் ஒருமுறை அவருடைய பேச்சுக்கு யாரும் சிரிக்கவில்லை. நல்ல கூட்டம், ஒலிபெருக்கியும் நன்றாகவே இருந்தது. ஆனாலும் சனம் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தது. விழா நடத்தியவர் ஆறுதலாக, "இவங்களுக்கு விளங்காது நானா, விடுங்க," என்றார். நானா தேநீரை வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "சனம் சிரிக்கேல்லையெண்டா சனத்தில பிழையில்ல. பகிடி இன்னும் வேகேல்ல." அடுத்த வருடம் அதே ஊரில் அதே பகிடியைச் சொன்னார். நடுவில் ஒரு சொல்லை எடுத்துவிட்டிருந்தார், அவ்வளவுதான். கதிரைகள் ஆடும்படி சிரித்தார்கள். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கொள்கலனைச் சரியான இடத்தில் இறக்கிவிட்டவர்போல மேடையை விட்டு இறங்கினார்.

அவரை ஊரறியச் செய்தது 'என்ட வீட்டுக்காரி' என்ற பகுதி. கசெட்டாகவும் வந்தது. அந்த வீட்டுக்காரி குசினியிலிருந்து கூப்பிட்டால் துறைமுகத்தில் நிற்கிற கப்பல் புறப்படச் சொல்கிறார்கள் என்று நினைத்து நங்கூரத்தைத் தூக்கிவிடும். கையில் எப்போதும் அகப்பை இருக்கும். அது சோற்றைக் கண்டதைவிட நானாவின் முதுகைக் கண்டதுதான் அதிகம். இதைச் சொல்லும்போது முதுகை மெதுவாகத் தடவிக்கொள்வார். பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

உண்மையான வீட்டுக்காரி ரசீனா ராத்தா. அவர்களுடைய ஊரான குறிஞ்சாக்கேணியில் மூத்த சகோதரனை நானா என்பதுபோல மூத்த சகோதரியை அப்படித்தான் அழைப்பார்கள். எனக்கும் அதுவே வந்துவிட்டது. அவர் பேசுவதைக் கேட்க நாம் கொஞ்சம் முன்னால் சாயவேண்டும். பஸ் நடத்துனர் அவரிடம், "ராத்தா, அகப்பையை வீட்டில வச்சிட்டா வந்தீங்க?" என்பார். பஸ் முழுவதும் சிரிக்கும். மருந்துக் கடையில், பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில், எல்லா இடத்திலும் இதே கதைதான். மூதூரில் விருந்தினராகப் போன ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மாமா அவர் கையில் ஓர் அகப்பையைக் கொடுத்து நானாவின் பக்கத்தில் நின்று படமெடுக்கச் சொன்னதை நான் பார்த்தேன். ராத்தா அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். படம் எடுத்து முடிந்ததும் அதைக் கொண்டுபோய்ச் சமையல்காரரிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு கல்யாண வீடுகளுக்கு அவர் வருவது குறைந்தது. நானா மேடையேறும் எந்த இடத்துக்கும் அவர் அந்தக் காலத்தில் வந்ததே இல்லை.

நானா ஓய்வுபெற்றுப் பல வருடங்களுக்குப் பிறகு, ஷிபானாவும் வீடியோ எடுக்கும் அவளுடைய நண்பர்களும் ஒரு யோசனை சொன்னார்கள். நானா தன் ஆரம்பகாலப் பகிடிகளை மறுபடி ஒரே மேடையில் சொல்லவேண்டும். அதைப் படம்பிடித்து இணையத்தில் போடலாம் என்றார்கள். பழைய கசெட்டுகளை என் வீட்டிலிருந்த ரேடியோவில் போட்டுக் கேட்டோம். தன் இளவயதுக் குரலை அவர் சிரிக்காமல் கேட்டார். "இதில பாதி சண்டைக்காலத்துச் செக்பொயின்டைப் பற்றினது டீச்சர். மிச்சம் பாலம் வாறதுக்கு முந்தின படகைப் பற்றினது. ரெண்டும் இப்ப இல்ல. பகிடி மட்டும் தனிய நிக்குது, ஆரும் கூட்டிக்கொண்டு போக வரேல்ல."

'வீட்டுக்காரி' தொடங்கியதும் எழுந்து ரேடியோவை நிறுத்தினார். பிறகு, "இதை அவளிட்டக் கேக்கோணும்," என்றார்.

கேட்டிருக்கிறார். ராத்தா சொன்ன பதிலை மறுநாள் எனக்குச் சொன்னார்: "சொல்லுங்க. ஆனா நான் முன்வரிசையில இருப்பன்."

நகரத்து மண்டபம் ஒன்றில் பின்னேரம் நிகழ்ச்சி நடந்தது. வழக்கம்போல நான்தான் அழைத்தேன். ராத்தா முன்வரிசையில் மகளுக்குப் பக்கத்தில் இருந்தார். கப்பல் நங்கூரத்தைத் தூக்கும் இடம் வந்தது, சிரிப்பும் வந்தது. அகப்பைக்குப் போகவேண்டிய இடத்தில் நானா நின்றுவிட்டார்.

"இதை நான் எழுதேக்க எனக்குக் கலியாணமாகேல்ல," என்றார். "பொஞ்சாதியெண்டா எப்பிடியிருக்குமெண்டு தெரியாது. எல்லாரும் சொன்னதைக் கேட்டு ஒருத்திய எழுதி வச்சிட்டன். அதுக்குப் பிறகுதான் ஒரு பிள்ளையக் கட்டினன். பாவம், அந்தப் பிள்ளை நான் எழுதி வச்சவளாத்தான் இத்தினை வருஷமும் ஊருக்குள்ள திரியுது."

சிலர் சிரித்தார்கள், பலர் சிரிக்கவில்லை. ராத்தா இருந்த இடத்திலிருந்தே ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. "பாத்தீங்களா, இதுதான் கப்பலைக் கிளப்புற சத்தம்," என்றார் நானா. மண்டபம் நன்றாகச் சிரித்தது. அந்தச் சிரிப்போடு முடிப்பதுதான் அவருடைய திட்டம் என்று நினைக்கிறேன். ஆனால் ஷிபானா தன் பக்கத்திலிருந்த மைக்கைத் தாயிடம் கொடுத்துவிட்டாள்.

ராத்தா எழுந்து நின்றார். "நான் ஒருநாளும் இவரை அகப்பையால அடிச்சதில்ல," என்றார். நிறுத்தினார். சனம் காத்திருந்தது. "நல்ல அகப்பை அது," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நானாவின் எந்தப் பகிடிக்கும் அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதில்லை. அது அடங்கும்வரை அவர் மேடையில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

திரைக்குப் பின்னால் வந்தவர் மகிழ்ச்சியாக இல்லை. "என்ட முடிவைத் தட்டிப் பறிச்சிட்டாள் டீச்சர்," என்றார். அடுத்த நாளே, ராத்தா பேசிய இடத்தில் ஒலி சரியில்லை, வெட்டிவிடுங்கள் என்று ஷிபானாவிடம் சொல்லியிருக்கிறார். ஒலியில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஷிபானா தாயிடம் சொன்னாள். "அவரிட விருப்பம்," என்று மட்டும் ராத்தா சொன்னாராம். எனக்குக் கோபம் வந்தது; ஆனால் நான் தலையிடவில்லை. சில நாள் கழித்து நானா என்னை அழைத்தார். "வெட்டினதைப் போட்டுப் பாத்தன். அது இல்லாம முன்னுக்கு உள்ளது நிக்க ஏலாது. திருப்பிப் போடச் சொல்லிட்டன்," என்றார். குரலில் பெருந்தன்மை ஒன்றும் இருக்கவில்லை. கொஞ்சம் எரிச்சல்தான் இருந்தது. இன்றைக்கு நீங்கள் பார்க்கிற வீடியோ ராத்தாவின் சொல்லோடு முடிவது இப்படித்தான்.

அதற்குப் பிறகும் பஸ்ஸில் அகப்பையைப் பற்றிக் கேட்கத்தான் கேட்டார்கள். ஆனால் கேட்டுவிட்டு, ராத்தா என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார்கள். சிலவேளை அவர் பதில் சொன்னார். சிலவேளை சொல்லவில்லை.

அடக்கத்தன்று குறிஞ்சாக்கேணி வீட்டில் பெண்களோடு உள்ளே இருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் நானாவின் ஏதாவதொரு பகிடியைச் சொல்லி அழுதார்கள். ராத்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் குறைந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"வீட்டில அவர் பகிடி விடுறதில்ல டீச்சர். சாப்பிடேக்க கதைக்கவும் மாட்டார். அந்த வீடியோவை முதல்முதல் எங்களோட இருந்து பாத்திட்டு, என்னட்ட ஒண்டு கேட்டார். 'அந்த வசனத்தை முதலே யோசிச்சு வச்சதா, இல்லாட்டி அங்கதான் வந்ததா?' எண்டு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"மூதூர்க் கலியாணத்திலயிருந்து வச்சிருக்கிறன் எண்டன். 'அப்ப சரி, அவ்வளவு காலம் வச்சிருந்தாத்தான் அப்பிடி வேகும்' எண்டுபோட்டு எழும்பிப் போயிட்டார்."

ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ தேநீர் கொண்டுவந்தார்கள்.

முபாரக் நானாவின் பகிடிகள் வீடியோவில் இருக்கின்றன; அவற்றைக் காப்பாற்ற நான் தேவையில்லை. என்னிடம் இருக்கப்போவது அவர் கேட்ட அந்தக் கேள்வி. ஒரு பகிடிக்காரர் இன்னொரு பகிடிக்காரரிடம் மட்டும் கேட்கிற கேள்வி அது. அதை அவர் ரசீனா ராத்தாவிடம் கேட்டார்.