பின்னாடி யாரு புடிச்சுக்குவாங்க

"…முன்னாடி முறுக்கிப் பூட்டிப்புட்டீங்க, சரி. பின்னாடி யாரு புடிச்சுக்குவாங்க?" என்று முடித்தாள் அக்கா.

கடைக்காரர் சிரித்தார். ஜூஜுவாடி எல்லையைத் தாண்டி, அத்திப்பள்ளிப் பக்கம் பழைய மிஷின் வாங்கி விற்பவர். தகரக் கொட்டகையில் எங்களுக்காக இரண்டு ரம்ப மேஜைகளைத் துடைத்து வைத்திருந்தார். கீழே இரும்புப் பெட்டி, அதற்குள் மோட்டார், மேலே வழவழவென்று மேஜை, நடுவில் தலைநீட்டும் வட்ட ரம்பம். வெள்ளிக்கிழமை என்று இரண்டுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்.

"நோடம்மா, பாருங்க, சீமை மிஷினு இது. பின்னாடி எதுக்குப் புடிக்கணும்? மாடா என்ன, ஓடிப்போக?"

அக்கா சிரிக்கவில்லை.

அவள் கேட்டது கைடைப் பற்றி. ரம்பத்துக்குப் பக்கத்தில் நீளமாக நிற்கும் இரும்புச் சட்டம் அது. பலகையை அதில் அணைத்துத்தான் தள்ளுவோம். நேராக நின்றால் பலகை சமர்த்தாகப் பிளந்து போகும். அதன் பின்முனையான வால்பக்கம் கொஞ்சம் ரம்பத்தை நோக்கிச் சாய்ந்தாலும் போதும், பலகை இரண்டுக்கும் நடுவில் நெருக்குண்டு, தள்ளுகிறவன் மேலேயே திரும்பிப் பாயும். 'முன்னே போனால் கடிக்கும், பின்னே போனால் உதைக்கும்' என்று பொல்லாத குதிரையைச் சொல்வார்கள். இந்தக் குதிரை முன்னே நிற்பவனையே கடிக்கும், உதைப்பதும் அவனைத்தான்.

மாமாவை, அதாவது அக்கா வீட்டுக்காரரை, உதைத்தது அப்படித்தான். எங்கள் மத்திகிரித் தச்சுப் பட்டறையில் ஆயில் இன்ஜினில் ஓடிய பழைய ரம்பம். மாமா முன்னால் நின்று தள்ளுவார். அக்கா பின்னால் நின்று வாங்கிக்கொள்வாள். ஆயுத பூஜை கழிந்து இன்ஜினைக் கிளப்பிய காலையில், அவள் எதிரிலேயே பலகை திரும்பிப் பாய்ந்து அவர் நெஞ்சில் அடித்தது. விழுந்தவர் எழவேயில்லை. பிறகு கைடைக் கழற்றியபோது பார்த்தோம். அதன் தலை உட்காருகிற இடத்தில், பூஜைக்கு வைத்த சந்தனம் கல்லாகக் காய்ந்திருந்தது. தலையில் எள்ளளவு கோணினால் வாலில் நெல்லளவு கோணும். சந்தனம் வைத்த கை அக்காவுடையது. அதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இன்ஜினை நிறுத்தியும் அன்று ரம்பம் நிற்காமல் சுற்றியதாம். "நின்னுடுச்சுன்னு நெனைக்கறேன்டா, இன்னும் சுத்துது" என்பாள், சோறு போடும்போது, வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கையில். அவரை அடித்துவிட்டுப் பலகை போய் முட்டிய சுவரின் பள்ளத்தைப் பூச விடவில்லை. அதற்குப் பிறகு எந்த ரம்பத்தின் பின்னாலும் அவள் நின்றதில்லை.

கைரம்பத்தில் காலம் தள்ளினோம். கரண்டு வந்தது, கதவும் ஜன்னலும் கேட்டு ஆட்கள் வந்தார்கள். மிஷின் வாங்கலாம் என்றேன். "முன்னாடி நிக்கப்போறது நீ. அதுக்கோசரம் நானே வந்து பாக்கறேன்" என்று புறப்பட்டு வந்திருந்தாள்.

முதல் மிஷினின் கைடு வெண்ணெயாக வழுக்கியது. முன்னால் மட்டும்தான் திருகு. அதைப் பூட்டிவிட்டு வாலைக் கட்டைவிரலால் தள்ளினேன். அசைந்து கொடுத்தது. அக்கா என் விரலைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

இரண்டாவது கிறீச்சிட்டுக்கொண்டுதான் நகர்ந்தது. ஆனால் ஒரு பிடியை அழுத்தினால் தலையும் வாலும் சேர்ந்து கவ்விக்கொண்டன. இடுப்பால் முட்டினேன், அசையவில்லை.

"காது கூசுதேம்மா! மொதலுது எப்படி வழுக்குது பாருங்க."

"வழுக்கிட்டுப் போனதெல்லாம் போதுங்க."

இரண்டாவதின் கைடுத் தலையில் இருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி, முந்தானையால் துடைத்தாள்.

"ஐயோ, வெள்ளிக்கிழமையும் அதுவுமா! சாமி கோவிச்சுக்கும்மா."

"கோவிச்சாச்சுங்க. இனி என்ன?"

அவர் அறுத்துப் பார்க்கப் பலகை எடுக்கப் போனார்.

ரம்பத்தின் ஒரு பல்லில் சுண்ணாம்புக் கட்டியால் குறி வைத்தேன். குறியை முன்னால் நிறுத்தி, பல்லுக்கும் கைடுக்கும் நடுவே ஒரு குச்சியை அளவாக நறுக்கினேன். அதே பல்லைக் கையால் சுற்றிப் பின்னால் கொண்டுபோனேன். குச்சி அங்கேயும் அப்படியே பொருந்தியது.

"அவுத்துட்டு மறுபடி பூட்டுடா" என்றாள். பூட்டினேன். பொருந்தியது. "இன்னொருக்கா." அப்போதும் பொருந்தியது.

கடைக்காரர் ஒரு வேப்பம்பலகையை என் கையில் கொடுத்து மோட்டாரைப் போட்டார். ரம்பம் பாட ஆரம்பித்ததும் அக்காவின் முகம் வெளுத்தது. நான் பலகையைக் கைடில் அணைத்தேன். தள்ளத்தான் கை வரவில்லை. எதிரில் யாரும் இல்லை.

அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மேஜையைச் சுற்றிப் பின்பக்கம் போய், இரண்டு கைகளையும் நீட்டி நின்றாள்.