சுனை இருந்த வரைபடம்

முப்பத்து நான்கு ஆண்டுகள் வருவாய்த் துறையில் இருந்தவனுக்கு ஒரு வியாதி வந்துவிடும். கண்ணால் பார்ப்பதைவிடத் தாளில் இருப்பதை நம்புவான். தொண்ணூறுகளின் கடைசியில், ஓய்வு பெற்ற கையோடு, அந்த வியாதியுடன் இருபத்திரண்டு பிள்ளைகளை மலை ஏற்றினேன்.

எங்கள் திருச்சபையின் வாலிபர் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை மேலூர்ப் பக்கம் ஏதாவது ஒரு பாறை மலைக்குப் போய்வரும். பையன்கள் மட்டும்தான். அந்த வருடம் நாங்களும் வருவோம் என்று பெண்பிள்ளைகள் மனுக் கொடுத்தார்கள். மனுவை எழுதியவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்த ஒரு பெண். சபைக் கமிட்டி மூன்று கூட்டம் யோசித்தது. இந்த ஒருமுறை மட்டும் சோதனையாகப் போகலாம். பொறுப்பான பெரியவர் ஒருவர் உடன் செல்ல வேண்டும். அவர் தரும் அறிக்கையைப் பார்த்து இனிமேல் பெண்பிள்ளைகளை அனுப்புவதா என்று முடிவு செய்யப்படும். இதுதான் தீர்மானம். பொறுப்பான பெரியவர் என்றால் வேறு வேலை இல்லாதவர் என்று பொருள். என்னைக் கூப்பிட்டார்கள்.

எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். பெற்றோர் சம்மதக் கடிதம் இரண்டு பிரதி. வேன் ஓட்டுநரின் உரிம நகல். பழைய அலுவலகத்தில் கிராம வரைபடத்தைப் பார்த்து நானே ஒரு படம் வரைந்துகொண்டேன். அதில் மலையின் பாதி உயரத்தில் ஒரு சுனை இருந்தது. ஆகவே அடிவாரத்தில், தண்ணீர்க் கேன்களை வேனிலேயே விட்டுவிடச் சொன்னேன்.

"ஒரு கேனையாவது தூக்கிக்கிருவோம் அங்கிள்," என்றாள் அந்தப் பெண்.

"மேப்புல சுனை இருக்கும்மா."

"மேப்பு எந்த வருசத்துது?"

என் சர்வீஸில் எந்த மேலதிகாரியும் கேட்காத கேள்வி. படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

காலை ஆறு மணிக்குக் காளவாசல் பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டிய வேன் எட்டு மணிக்குத்தான் வந்திருந்தது. அதனால் வெயிலோடு ஏறினோம். பாறை கீழிருந்து சுட்டது. என் முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் ஆட்சேபம் தெரிவித்தது. கையில் இருந்த பாட்டில்கள் பாதி வழியில் தீர்ந்தன. சுனை இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தபோது அங்கே மலையே இல்லை. கேக்கை வெட்டியதுபோல் நேராக ஒரு சுவர், கீழே பெரிய கல்குவாரிக் குழி, சுற்றிலும் முள்கம்பி. தகரக் கொட்டகையில் காவல்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"சுனையா? அது லாரி ஏறிப் போயி நாலு வருசமாச்சே சார்."

குழியின் அடியில் பச்சையாகத் தண்ணீர் கிடந்தது. அதைக் குடிக்கலாமா என்று ஒரு பையன் கேட்டான்.

"தாராளமாக் குடிக்கலாம் தம்பி. எறங்கத்தான் வழியில்ல."

தன் குடத்தில் இருந்ததைக் கொடுத்தார். இத்தனை பேருக்கும் அது நாக்கை நனைக்க மட்டுமே போதுமாயிருந்தது. உச்சியை மறந்துவிட்டுத் திரும்பினோம்.

இறங்கும் வழியில் சங்கத்தின் செயலாளர், ஆனையூரிலிருந்து வந்த கபடிக்காரப் பையன், ஒரு பாறையில் உட்கார்ந்தான். பிறகு சாய்ந்தான். பிறகு கண்ணை மூடிவிட்டான்.

"மாப்ள, எந்திரிடா. பொம்பளப் பிள்ளைக பாக்குதுக," என்று ஒருவன் கன்னத்தில் தட்டினான். அவன் எழவில்லை. வரைபடத்தை மடித்து அவன் முகத்துக்கு விசிறினேன். அதற்குள் அந்தப் பெண்ணும் இன்னொருத்தியும் கீழே ஓடியிருந்தார்கள். அரைமணி நேரத்தில் இருவரும் மாற்றி மாற்றித் தூக்கி ஒரு கேனைக் கொண்டுவந்தார்கள். முகத்தில் தண்ணீர் பட்டதும் பையன் கண் திறந்தான். முதல் பேச்சு இதுதான்:

"அங்கிள், இத ரிப்போர்ட்ல எழுதிராதீங்க."

"எழுதுங்க அங்கிள். கேனத் தூக்கிட்டு வந்தது யாருன்னும் எழுதுங்க," என்றாள் அவள்.

'சிறு களைப்பு நீங்கலாக' என்ற மூன்று சொல்லுக்குள் எதையும் புதைக்க எனக்குத் தெரியும். ஆனாலும் நடந்ததை எழுதினேன். தண்ணீர் இல்லாமல் போனது என் தவறு, மயங்கியது செயலாளர், காப்பாற்றியது இரண்டு பெண்கள். ஒன்றரைப் பக்கம். பெண்பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது என்றே நினைத்தேன்.

கமிட்டியின் மூத்த உறுப்பினர் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கபடி வெளையாடுற பயலே விழுந்துட்டான்னா, பொம்பளப் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போனா என்னத்துக்கு ஆகும்?"

"பொம்பளப் பிள்ளைக விழலைங்களே," என்றேன்.

"விழுந்திருந்தா?"

வாலிபர் சங்கத்தின் பயணங்களில் இனிப் பெண்பிள்ளைகள் சேரக் கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. என் தவறைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு நன்றி தெரிவித்து ஒரு வரியும் சேர்த்தார்கள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தப் பெண் தீர்மானத்தின் நகலோடு வந்தாள்.

"வாலிபர் சங்கத்தோட பயணம்னுதான போட்டிருக்கு. பெண்கள் சங்கத்துக்கு இது செல்லுமா அங்கிள்?"

"செல்லாது. அதுக்குத் தனி விதி. அனுமதி கேக்க வேண்டியதில்ல. தெரிவிச்சாப் போதும்."

பேனாவை நீட்டினாள். அலுப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் பெஞ்சில் உட்கார்ந்து தெரிவிப்புக் கடிதத்தை எழுதினேன். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், வீட்டிலிருந்தே. 'உடன் செல்லும் பெரியவர்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"நீங்க வேணாம் அங்கிள். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் தன் அம்மாவின் பெயரைச் சொன்னாள். எழுதினேன்.