சத்தம் போடாத பெட்டி

தேயிலைத் தோட்டத்தில் ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக ஒட்டிக்கிடக்கிற எங்கள் லயத்து வீடுகளில், கம்ப்யூட்டர் வாங்கிய முதல் வீடு எங்களுடையது. அந்தப் பெருமையை நாங்கள் சரியாக நான்கு மணி நேரம் அனுபவித்தோம். அதற்குள் அப்பா விழித்துக்கொண்டார்.

அப்பாவுக்கு இஸ்டோரில் இராத்திரி வேலை. தேயிலை ஃபேக்டரியை எங்கள் பக்கத்தில் இஸ்டோர் என்றுதான் சொல்வோம். பகலில் பறித்த கொழுந்து மேல்மாடியில் வாடிக் கிடந்து, இருட்டிய பிறகுதான் அரைக்கிற ரோலருக்கு இறங்கும். அந்த ரோலர் அறையில் அப்பா இருபது வருடத்துக்கு மேல் நின்றிருந்தார். காலையில் வந்து, தலையில் ஒட்டிய தூசி போகக் குளித்து, ரொட்டி தின்றுவிட்டுக் காம்பராவில் படுத்தாரென்றால் சாயந்தரம் நாலு மணி வரைக்கும் அது அவருடைய காம்பரா. எங்களுக்கு இருந்ததே அந்த ஒரு அறையும் பின்னால் சமைக்க ஒரு குசினியும்தான்.

அப்பா தூங்கவில்லையென்றால் அம்மாவுக்கு உயிர் போய்விடும். அதற்குக் காரணம் லயத்தின் கடைசி வீட்டில் இருந்தது. அப்பாவுக்கு முன்னால் அதே ரோலரில் நின்ற மாமா ஒருவர், காய்ச்சல்காரப் பிள்ளையோடு மூன்று பகல் விழித்திருந்துவிட்டு வேலைக்குப் போய், ஒரு நிமிடம் கண் அசந்து, வலது கையில் மூன்று விரலைக் கொடுத்துவிட்டு வந்தவர். டீ கிளாஸை இடது கையால்தான் பிடிப்பார். வழியில் அவரைப் பார்க்கிற நாளெல்லாம் அம்மா வீட்டுக்கு வந்து, ஒன்றுமே செய்யாத எங்களைத் திட்டுவார்.

அக்காவுக்கு அது பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான ஏ.எல். வருடம். பாடங்களில் ஒன்று கம்ப்யூட்டர். ஆனால் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையின் சாவி எப்போதும் யாரோ ஒரு வாத்தியார் சேரிடம் இருந்தது. அந்த சேர் எப்போதும் லீவில் இருந்தார். அம்மாவுக்குச் சீட்டு விழுந்ததும், ஹட்டன் டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் பழைய பெட்டி ஒன்றை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தோம். ராத்திரியில் படிக்கலாமே, அப்பாதான் வீட்டில் இல்லையே என்று கேட்பீர்கள். ஆறு மணிக்கு மேல் லயம் முழுக்கப் பல்பு போட்டுவிட்டால் எங்கள் கரண்டுக்கு மூச்சு வாங்கும். பெட்டி எரியும், அணையும், மறுபடி எரியும். பகலில்தான் அது ஒழுங்காக ஓடியது.

ஓடியது என்றால் சும்மா ஓடவில்லை. முதல் நாள் அக்கா பொத்தானை அமுக்கியதும் அது கிளப்பிய இரைச்சலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் வெளியே ஓடின. லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டில் தண்ணீர் எடுத்து வைப்பார்கள். மூன்றாவது வீட்டுப் பெரியம்மா, "என்னா புள்ள, இஸ்டோர வீட்டுக்கே கொண்டாந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்பா பாயில் எழுந்து உட்கார்ந்து, "என்னாது அது, ஞொய்னு?" என்றார். அவர் மெதுவாகப் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். இஸ்டோரில் நிற்கிற ஆம்பிளைகள் எல்லோருக்கும் அந்தக் குரல்தான். அதற்கு எங்கள் லயத்தில் இஸ்டோர் வாய் என்று பெயரே இருந்தது. சண்டை போடுகிறாரா, சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாரா என்பதை முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாய் அப்படி என்றால், காதுக்கு அப்பா பேர்போனவர். ரோலரில் ஏதோ தேய்கிறது என்றால் இஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் ஐயா அப்பாவைத்தான் கூப்பிட்டு அனுப்புவார். அப்பா உள்ளங்கையை இரும்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "பேரிங் போச்சு, ஐயா" என்பார். பிரித்துப் பார்த்தால் போயிருக்குமாம். அப்படிப்பட்ட மனிதர் சத்தம் என்று சொன்னால் அது சத்தம்தான். வீட்டில் யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

பெட்டியை அடக்குகிற வேலையை அக்கா எடுத்துக்கொண்டாள். டார்ச் பிடிக்கிற வேலை எனக்கு. பத்து வயதில் அதைவிடப் பெரிய உத்தியோகம் வேறென்ன இருக்கிறது? மூடியைக் கழற்றினால் உள்ளே யாரோ ஒருவருடைய பத்து வருடத்துத் தூசி, மெத்தையாகக் கிடந்தது. பழைய பல் துலக்கும் பிரஷால் தட்டித் தட்டி எடுத்தோம். காற்றாடியின் நடுவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பி, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டாள். இரைச்சலில் பாதி அப்போதே போய்விட்டது. நான் கை தட்டினேன். அக்கா என் வாயைப் பொத்தினாள், அப்பா தூங்குகிறாராம்.

"கொறஞ்சிருக்காப்பா?" என்று சாயந்தரம் கேட்டாள்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "இல்ல புள்ள. அப்படியேதான் இருக்கு."

பிறகு, மூடி நடுங்குகிறது என்று அறுந்த ரப்பர் செருப்பைத் துண்டு துண்டாக வெட்டி இடுக்கில் செருகினோம். பலகை மேசைதான் மத்தளம் கொட்டுகிறது என்று பெட்டியை இறக்கி, நாலாக மடித்த உரச் சாக்கின் மேல் சிமெந்துத் தரையில் வைத்தோம். கரகரவென்று அரைத்துக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சைக்கிள் டியூபை நாடாவாக அறுத்து, ஊஞ்சல் மாதிரி கட்டித் தொங்கவிட்டோம். இவ்வளவுக்கும் புதிதாக ஒரு சாமான் வாங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பெட்டியின் குரல் ஒரு படி இறங்கியது. ஒவ்வொரு தடவையும் அப்பா, "அப்படியேதான் இருக்கு" என்றார். அவர் கண் சிவந்து கிடந்தது. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் கை தட்டில் இருக்க அப்படியே தூங்கிப்போனார். அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்குத்தான் அம்மா முடிவாகச் சொன்னார். "வித்துட்டு வந்துருங்க. படிப்பு இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு வரும். வெரலு வராது."

அக்கா அழவில்லை. அவள் அழாமல் இருந்தால்தான் எனக்குப் பயமாக இருக்கும். அடுத்த சனிக்கிழமை பெட்டியைச் சாக்கில் கட்டி இரண்டு பேரும் ஹட்டனுக்குக் கொண்டுபோனோம். நானா அதை ஓடவிட்டுப் பார்த்தார். "இது எங்க, மகள், சத்தம் போடுது? எண்ட கடையில இருக்கிற எல்லாத்தையும் விட இது நல்ல புள்ளை" என்றார். அக்கா விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போதுதான் அழுதாள். நானா காற்றாடியின் கறுப்பு வயரைப் பிடுங்கி, பெட்டிக்குள் ஐந்து வோல்ட் வருகிற சிவப்பு வயரோடு சேர்த்து முறுக்கினார். பன்னிரண்டு வோல்ட் ஏழாகிவிடுமாம், காற்றாடி சோம்பேறியாகிவிடுமாம். "கொழும்புல இப்படிச் செஞ்சா சூட்டுல செத்துப்போகும். ஒங்கட குளிருக்குத் தாங்கும். கொண்டுபோங்க, காசு வேணாம்" என்றார்.

வீட்டில் வைத்து ஓடவிட்டோம். நான் தரையில் படுத்து மூடியில் காதை ஒட்டினால்தான், தூரத்தில் யாரோ மூச்சுவிடுகிற அளவுக்கு ஏதோ கேட்டது. ஒரு அடி தள்ளிப்போனால் அதுவும் இல்லை. அப்பாவிடம் அந்த வாரம் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அந்த வாரத்தில்தான் மழை பிடித்தது. ஒரு நாள் எங்கேயோ மரம் விழுந்து, காலையிலிருந்தே கரண்ட் இல்லை. அம்மா ரப்பர் சீட்டைப் போர்த்திக்கொண்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்விட்டார். மத்தியானத்துக்கு மேல் அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் பழைய வினாத்தாளோடு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் கோலப் புள்ளி வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன். மழையும் விட்டிருந்தது. மேட்டுப் பாதையில் யாரோ நடக்கிற சத்தம் கூடக் கேட்கிற அமைதி.

அப்பா பாயிலிருந்து திடுமென்று எழுந்தார். "எத்தன தடவ சொல்றது, அந்தப் பெட்டிய நிறுத்துங்கன்னு! மண்டைக்குள்ள கொடையுதுல்ல!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அய்யோ அப்பா, கரண்டே இல்ல! காலையிலேருந்தே இல்ல! அக்கா, அப்பா பொய் சொல்றாரு!"

அக்கா பென்சிலைக் கீழே வைத்தாள். அவள் குரல் உயரவே இல்லை. "இப்ப தெரிஞ்சிருச்சுப்பா. பெட்டி ஒங்கள ஒன்னும் பண்ணல. நான் படிக்கிறதுதான் ஒங்களுக்கு இரைச்சலா இருக்கு."

அப்பா எழுந்து வந்து பெட்டிக்கு முன்னால் மண்டி போட்டார். ரோலரில் வைக்கிற மாதிரியே உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். பெட்டி சில்லிட்டுக் கிடந்தது. கையை எடுக்காமலே, "நெசமாவா புள்ள? கரண்ட் இல்லியா?" என்று என்னைக் கேட்டார். நான் ஓடிப்போய்ச் சுவிட்சைத் தட்டினேன். பல்பு எரியவில்லை. மறுபடி தட்டினேன். "பாருங்க, பாருங்க" என்று டக் டக்கென்று பத்துத் தடவை தட்டியிருப்பேன். அப்பா எழுந்து, "சரி. நீ படி" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு அப்பா சத்தத்தைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. அம்மா கேட்டபோது நல்ல தூக்கம் என்றார். ஆனால் ஆறு மணி வேலைக்கு மதியம் ஒரு மணிக்கே கிளம்பத் தொடங்கினார். எங்கே போகிறார் என்று கொஞ்ச நாளில் தெரிந்துவிட்டது. இஸ்டோர் மேல்மாடியில், கொழுந்து வாட்டுவதற்கு ஆள் உயரக் காற்றாடிகள் ஓடும். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதற்குக் கீழே சாக்கை விரித்து அப்பா தூங்குகிறார் என்று உடன் வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அம்மாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "பச்சப் புள்ள மூச்சு மாதிரி இருக்கிற பெட்டி சத்தம் ஆகாதாம், அங்க அந்தப் பேய்க்காத்துக்கு அடியில தூக்கமாம்! மக படிக்கிறது கண்ணுல குத்துதுன்னு நேரா சொல்லிட்டுப் போறது!" என்றார். நாங்கள் மூவரும் அப்படித்தான் நம்பினோம். காம்பரா முழுக்க எங்களுக்குக் கிடைத்துவிட்டதில் எனக்குச் சந்தோஷம் வேறு. அக்கா பாஸ் பண்ணினாள். கொழும்பில் வேலைக்குப் போனாள். அப்பாவிடம் தேவைக்கு மேல் பேசுவதை நிறுத்தினாள். அவர் பதினோரு வருடம் அப்படித்தான் வேலைக்குப் போய் வந்தார்.

ஓய்வு பெற்று வீட்டோடு இருந்த முதல் மாதத்திலேயே அப்பா உடைந்துபோனார். சுவரில் தலையை முட்டிக்கொள்கிறார் என்று அம்மா அழுதுகொண்டே சொன்னதும், நான்தான் நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனேன். காது டாக்டர் சிங்களவர். அவர் கேட்பதை நான் அப்பாவின் காதில் கத்த வேண்டும். அப்பா சொல்வதை அவரிடம் சிங்களத்தில் சொல்ல வேண்டும். மெஷின் இரைச்சலில் காது கெட்டிருக்கிறது, வெளியே இல்லாத சத்தம் உள்ளே கேட்கும், சுற்றிலும் பெரிய சத்தம் இருந்தால் மட்டும் அது அமுங்கும் என்றார் டாக்டர். எத்தனை வருடமாக என்று கேட்டார்.

"அக்கா பெட்டி வந்த அன்னைக்குத்தான் தெரிஞ்சிச்சு" என்றார் அப்பா. "அதுக்கு முந்தியும் இருந்திருக்கும். இஸ்டோர் சத்தம் காதோட ஒட்டிக்கிட்டு வருதுன்னு இருந்துட்டேன், எல்லாருக்கும் அப்படித்தானேன்னு. பொறகு பெட்டிதான்னு நெனச்சேன்."

"ஏம்ப்பா சொல்லல?"

"கரண்ட் இல்லாத பெட்டி கத்துதுன்னு எப்படிப் புள்ள சொல்றது? பைத்தியம்னு ரோலர்ல நிக்க விடமாட்டாங்க. அக்காவுக்குப் பரீட்ச வேற."

டாக்டர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். ரொம்ப வருடமாக என்று மட்டும் சிங்களத்தில் சொன்னேன். மற்றதைச் சொல்ல எனக்குச் சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

பத்து வயதில் எனக்கு விளங்காமல் போனது அந்த மத்தியானம்தான். பொய் பிடிபட்டதால் அப்பாவுக்கு முகம் செத்துப்போனது என்று நினைத்தேன். நான் அத்தனை தடவை சுவிட்சைத் தட்டியபோது அவர் பல்பை ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார், அந்தச் சத்தம் எனக்கும் கேட்கிறதா என்று. நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.