கறுப்புப் பட்டை இல்லாத படம்

சிதம்பரத்தில் தோல் மருத்துவர் ஒருவர் ஆசிரியராக இருந்த காலாண்டு மருத்துவ இதழுக்கு அச்சு வேலை, விளம்பர வசூல், கணக்கு மூன்றையும் நான்தான் பார்த்தேன். படிப்பு முடித்த கையோடு சேர்ந்த வேலை. எதையும் ஒரு நாள் முன்னதாகவே முடித்துவிட வேண்டும் எனக்கு.

அந்த அவசரத்தில்தான் அது நடந்தது. வண்ணப் பக்கத்துக்கு டாக்டர் கொடுத்த நோயாளியின் படம் மங்கலாக இருந்தது. அவருடைய சிடியிலிருந்து மூலப் படத்தை எடுத்து வைத்துவிட்டேன். கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டை அந்த மங்கல் படத்தில்தான் இருந்தது என்பது உறைக்கவில்லை.

கடலூர் மஞ்சக்குப்பம் அச்சகத்தில் இதழ்களுக்கு ஸ்டேப்ளர் பின் அடித்து அடுக்கியிருந்தார்கள். மேலே இருந்ததைப் பிரித்தேன். டாக்டரிடம் வைத்தியத்துக்கு வந்த ஸ்ரீமுஷ்ணத்துப் பெண், கன்னமெல்லாம் புண்ணோடு, நேராக என்னைப் பார்த்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, முகம் தெரியக் கூடாது என்று சொல்லித்தான் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள். இதழ் போவதோ மாவட்டம் முழுக்க.

"மார்க்கர்ல தீட்டிடும்மா" என்றார் அச்சகக்காரர். தீட்டினேன். வழவழப்பான தாள், சாய்த்துப் பிடித்தால் கண்கள் அப்படியே தெரிந்தன.

"அண்ணே, அந்தத் தாள மட்டும் மறுபடி அடிச்சிடலாம்."

"இன்னாமா, வெளையாடறியா? ஆர்ட் பேப்பர் வெல தெரியுமா?"

டாக்டருக்குப் போன் செய்தேன். திட்டவில்லை. "பணம்?" என்றார். அடுத்த இதழுக்கு வாங்கிய விளம்பர முன்பணம் இருப்பதைச் சொன்னேன்.

"அப்ப அடுத்த இதழ் மெலிசாத்தான் வரும். அடிக்கச் சொல்லு."

பின் கழற்றி உருவிய தாள்களை எண்ணினால் ஒன்று குறைந்தது. விளம்பரம் வந்ததற்குச் சான்றாக, மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி காலையிலேயே ஒரு பிரதியை வாங்கிப் போயிருந்தார். போனில் பிடித்தேன். பரங்கிப்பேட்டையில் ஒரு கிளினிக்கில் இருக்கிறாராம். பஸ் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தும் பாதி தூரம் நின்றுகொண்டேதான் போனேன்.

கிளினிக் வாசலில் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தார்.

"சார், உள்ள ஒரு படம் தப்பா வந்துடுச்சு. அதக் குடுத்துடுங்க, புதுசு தரேன்."

"இன்னிக்கே மேனேஜருக்குக் கூரியர் போடணும் மேடம். பின்னட்ட விளம்பரத்த மட்டும் கிழிச்சுக் குடுங்க, போதும். உள்ள எவன் பொரட்டுனான்?"

கிழித்துக் கொடுத்தேன்.

"இதுக்கா கடலூர்லேருந்து வந்தீங்க?"

"ஆமா சார்."

சிரித்துக்கொண்டே பைக்கை உதைத்தார். பஸ் ஸ்டாண்டு வரை பொறுக்க முடியவில்லை. அங்கேயே நின்று படம் இருந்த பக்கத்தைத் துண்டுதுண்டாகக் கிழித்தேன். கண்கள் இருந்த துண்டை மட்டும் இன்னும் நாலாக.