வாய்க்காலில் விழாத கார்

தஞ்சாவூர் புறவழிச்சாலையில் இருக்கும் அந்த கார் ஷோரூமுக்குப் போன அன்று யாரையாவது அடித்துவிடப் போகிறேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். என் கணவர் அப்படியல்ல. கோழிக்கடையில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பவர்.

பழைய காரை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டுப் புதியது எடுக்க வந்திருந்தோம். புதுக் காரின் மேல் ஆசை என்று சொன்னால் அது பொய். பழையது எங்கள் வாசலில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். அதன் டிரைவர் பக்கத்துக் கதவுக்குள் ஏதோ ஒன்று உருளும். ஒவ்வொரு பள்ளத்திலும் 'கிணுக்' என்று கேட்கும். அந்தச் சத்தத்துக்கு அவருக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். ஸ்டியரிங்கைத் தொட்டு வருடக்கணக்காகிறது. ஒரத்தநாட்டில் இருக்கும் என் வேலைக்கும் அவருடைய ஆபீசுக்கும் நான்தான் ஓட்டுகிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோவைச் சத்தமாக வைப்பார்.

சேல்ஸ் பையன் ஒரு வாக்கியத்துக்கு மூன்று முறை மேடம் போட்டான். விலையில் ஒரு பைசா இறங்காமல், கால் மிதியடி இலவசம் என்றான்.

"மிதியடிய நீங்களே வெச்சுக்குங்க தம்பி. அந்தக் காசை விலையில கழிங்க" என்றேன்.

அந்த மிதியடிக்கே ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். அடுத்த மேசையில் கடன் பார்க்கும் ஆள் உதட்டைப் பிதுக்கினார்.

"பழைய வண்டிக்கு நல்ல ரேட் விழுந்தாதான் மேடம் முன்பணம் சரியாவும். இல்லன்னா லோன் கஷ்டம்."

ஆக, எல்லாம் வெளியே நின்ற பழைய காரின் கையில் இருந்தது. அதை மதிப்புப் போட வந்தவர் பெயிண்ட்டின் தடிமன் பார்க்கும் சின்னக் கருவியை ஒவ்வொரு இடமாக வைத்தார். பிறகு தேங்காயைத் தட்டுவது போல விரலால் தட்டிப் பார்த்தார்.

"ரூஃப், பானட், ரெண்டு கதவு, எல்லாம் ஒடுக்கெடுத்துப் பட்டி பூசுன வேலை. வண்டி எங்கயாவது கவுந்துச்சாங்க?"

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வாய்க்கால்ல எறங்கிடுச்சு."

அந்த மனிதர் கருவியைப் பையில் போட்டுக்கொண்டார். எங்கள் பக்கத்தில் ஆற்றிலும் வாய்க்காலிலும் விழுந்து எழுந்த வண்டிகளை அவர் நிறையப் பார்த்திருப்பார். தண்ணீர் குடித்த வண்டி என்றால் வண்டல் தங்கி வயரெல்லாம் அரித்துப்போயிருக்கும். அவர் சொன்னது அடிமாட்டு விலை.

அந்த கார் எந்த வாய்க்காலையும் தொட்டதில்லை. நீடாமங்கலம் பக்கத்தில் இருக்கிறது என் கணவரின் ஊர். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கையோடு கோயிலில் பூசை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, பெரிய தெரு வழியாக எங்கள் தெருவுக்குத் திரும்பினோம். ஏசி ஓடவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை ஜன்னலில் வைத்து ஓட்டினார். அதுதான் அவர் செய்த குற்றம்.

நான்கு பேர் மறித்தார்கள். "எங்க வயல்ல நடவு நட்டவ மவன், கைய வெளிய போட்டுக்கிட்டு ஓட்டுறியாடா?" என்று ஒருவன் அரிவாளை ஓங்கினான். இவர் கையை இழுத்துக்கொண்டார். வெட்டு ஜன்னல் விளிம்பில் விழுந்தது. அதற்குப் பிறகு தடிகள். கூரை என் தலைமேல் நசுங்கி இறங்கியது. அவரைத் தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்து, சேற்றில் போட்டு மிதித்தார்கள். காறை எலும்பு முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் ஒருவனின் மணிக்கட்டைக் கடித்தேன். ரத்தம் வரும்வரை விடவில்லை. இன்னும் ஆழமாகக் கடித்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

புகார் கொடுக்கவில்லை. என் மாமனார் அவர்கள் நிலத்தைத்தான் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார். சம்பா பால் பிடிக்கும் நேரம். அவர்கள் மடையை அடைத்தால் பயிர் மொத்தமும் பதராகிவிடும். அதனால் ஆஸ்பத்திரியில், பட்டறையில், ஆபீசில், எல்லா இடத்திலும் வாய்க்கால் என்றே சொன்னார். நெல் அறுத்து வீட்டுக்கு வந்த பிறகும் அதையே சொன்னார். கூடவே இருந்த என்னிடமும் ஒருநாள் அப்படித்தான் சொன்னார். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

ஷோரூமில் எனக்கு அடக்க முடியவில்லை.

"வாய்க்காலும் இல்ல, ஆறும் இல்ல. அடிச்சாங்க. பெரிய தெருக்காரங்க தடியால அடிச்ச அடி இது. தண்ணி பூந்திருந்தா காட்டுங்க!"

புதுக் கார் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். "விடு" என்றார் இவர், மெல்ல. நான் விடவில்லை. மதிப்புப் போடுபவர் தயங்கினார். பிறகு தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தார். வண்டல் இல்லை, துருவும் இல்லை. கதவை ஆட்டினார். கிணுக்.

"உள்ள என்னமோ கெடக்குதே" என்று உள்பக்க அட்டையைப் பிரித்துக் கையை விட்டார். அந்தக் கதவைப் பட்டறையில் பிரிக்காமலே வெளியிலிருந்து பட்டி பூசியிருந்தார்கள். அவர் கையில் வந்தது ஒடிந்த அரிவாள் மூக்கு. விரல் நீளம். துரு ஏறியும் முனை மழுங்கவில்லை.

இவர் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். வெட்டுப்பட இருந்த அதே கை.

மதிப்புப் போடுபவர், தண்ணீர் புகாத வண்டி என்று குறித்துக்கொண்டு, கடனுக்குப் போதுமான தொகையைச் சொன்னார். கதை அங்கேயே முடிந்திருக்கும். சேல்ஸ் பையன்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லை.

"இப்பல்லாம் யாரு மேடம் சாதி பாக்குறா? ஏதோ குடிபோதையில நடந்திருக்கும். ஆக்சிடெண்ட்னே சொல்லிடுவோமே. எல்லாருக்கும் நல்லது."

"ஆக்சிடெண்ட் இல்ல தம்பி" என்றார் என் கணவர். அவர் குரல் அப்படி ஓங்கி நான் கேட்டதே இல்லை. "வெட்டுனாங்க. என் கைய வெட்ட வந்தாங்க."

அரிவாள் மூக்கைக் காரின் பின் விளக்கருகே ஊன்றினார். பல் கூசும் சத்தத்தோடு, பெயிண்ட்டையும் பட்டியையும் பிளந்து, தகரம் வெளுக்க, முன் விளக்குவரை ஒரே கோடாக இழுத்தார். வாட்ச்மேன் ஓடிவந்தான். அவர் திரும்பி நடந்து, அதே கோட்டின் மேல் இன்னொரு முறை இழுத்தார். கட்டை விரல் கிழிந்து ரத்தம் கதவில் வழிந்தது. அழுதுகொண்டே இழுத்தார்.

"சார், ஒரு சைடு ஃபுல்லா பெயிண்ட் அடிக்கணும்" என்றார் மதிப்புப் போடுபவர், பயந்துபோய். "பேசுனதுல அதக் கழிக்கணும்ங்க."

"கழிச்சுக்குங்க" என்றேன்.

முந்தானையைக் கிழித்து அவர் விரலில் கட்டினேன். மிதியடிக்கு ஒரு மணி நேரம் பேரம் பேசியவள், அந்தக் கோட்டுக்கு எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.